கெட்டவர் தரப்புக் கதை

எல். பிராங்க் போம் 1900இல் வெளியிட்ட ஓஸ் நாட்டு மாயாவியின் கதையில், மேற்குத் திசைச் சூனியக்காரி நேரில் வருவது பெரும்பாலும் ஒரே அத்தியாயத்தில்தான். அவளுக்கு ஒற்றைக் கண். இருட்டு என்றால் பயம், தண்ணீர் என்றால் அதைவிடப் பயம். டோரத்தி என்ற சிறுமியின்மீது ஓநாய்களையும் காகங்களையும் தேனீக்களையும் ஏவிப் பார்க்கிறாள். பிறகு அவளைப் பிடித்து வைத்து வேலை வாங்குகிறாள், அவளுடைய வெள்ளிக் காலணிகளில் ஒன்றைத் தந்திரமாகப் பறித்துக்கொள்கிறாள். ஆத்திரம் தாளாமல் சிறுமி ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்ற, சூனியக்காரி கரைந்தே போகிறாள். அவள் எங்கே பிறந்தாள், எப்படி இப்படி ஆனாள், தண்ணீர் ஏன் அவளைக் கரைக்க வேண்டும் என்று போம் எதையும் சொல்லவில்லை. சிறுவர் கதைக்கு அது தேவைப்படவும் இல்லை.

தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1995இல், கிரெகரி மக்வயர் என்ற அமெரிக்க எழுத்தாளர் அந்த வெற்றிடத்தை நிரப்பி 'விக்கெட்' என்ற நாவலை எழுதினார். பெயரே இல்லாதிருந்த சூனியக்காரிக்கு அதில் எல்பபா என்று பெயர்; எல்., எப்., பி. என்ற போமின் முதலெழுத்துகளிலிருந்து எடுத்தது. தெரிந்த சிறுவர் மாயக்கதையை அதன் எதிர்நாயகர் தரப்பிலிருந்து திரும்பச் சொல்லும் நாவல்கள் இன்று ஆங்கிலத்தில் தனியொரு வகையாக வளர்ந்திருக்கின்றன என்றால் அதற்குப் பெரும் காரணம் இந்த நூல்தான். இக்கருத்தரங்கின் பொருளும் அதுவே. பொருள் புதிதாகத் தோன்றலாம். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கு அது அவ்வளவு புதிதல்ல.

இவ்வகை நாவலுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மூலக் கதையின் நிகழ்ச்சிகளை மாற்றக் கூடாது. அவற்றின் காரணங்களை மட்டும் மாற்றலாம். சூனியக்காரி சாகத்தான் வேண்டும் என்பது முதல் பக்கத்தைப் புரட்டும்போதே வாசகருக்குத் தெரியும். ஆகவே அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலுக்கு இங்கே வேலையில்லை. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்பதே கதை. விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பழகிய சபைக்கு இந்த நிலை நன்றாகத் தெரியும். வாலி விழுவான் என்று தெரிந்துதான் வாலிவதை பார்க்கப் போகிறார்கள்.

மக்வயர் 1990களின் தொடக்கத்தில் இலண்டனில் வாழ்ந்தார். வளைகுடாப் போர்க் காலத்தில் ஒரு மனிதனைக் கொடியவன் என்று நாளிதழ்கள் பெயரிடும்போது வாசிக்கிறவரின் மனம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனித்ததே இந்த நாவலுக்கு ஒரு தூண்டுதல் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய எல்பபா பச்சைத் தோலோடு பிறக்கிறாள். அந்தப் பச்சை போமின் நூலில் இல்லாதது, 1939ஆம் ஆண்டு ஹாலிவுட் படம் கொடுத்தது. பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் படிப்பிக்கும் ஆசான்களில் ஒருவர் பேசத் தெரிந்த ஆடு. பேசும் விலங்குகளின் உரிமைகளை ஓஸின் ஆட்சியாளன் ஒவ்வொன்றாகப் பறிக்கிறான். அந்த ஆசான் கொல்லப்படுகிறார். மாணவி தலைமறைவுக் கிளர்ச்சிக்காரி ஆகிறாள். அரசுக்கு எதிராக நின்றவளை அரசு எந்தப் பெயரால் அழைத்ததோ அந்தப் பெயரே வரலாற்றில் நிலைத்தது என்பதுதான் நாவலின் முடிச்சு. இது சிறுவருக்கான நூல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2003இல் வந்த இசை நாடகத்தையும் 2024இல் வந்த படத்தையும் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு நாவலை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் திகைத்துப் போவார்கள்.

நாடகம் எல்பபாவைச் சாகவிடவில்லை. செத்ததாக நடிக்கவைத்துத் தப்பவிடுகிறது. நாவலில் அவள் சாகிறாள், டோரத்தியின் கையால்தான். ஆனால் டோரத்தி தண்ணீர் ஊற்றுவது அவளைக் கொல்ல அல்ல, உடையில் பற்றிய தீயை அணைக்க. மக்வயரின் பெரிய வெற்றி இந்த இடத்தில் இருக்கிறது. சூனியக்காரிக்கு நியாயம் செய்ய அவர் டோரத்தியைக் கெட்டவளாக்கவில்லை. வில்லனுக்கு எவ்வளவு பரிவு கிடைத்தது என்பதை வைத்து இவ்வகை நூல்களை எடைபோடுவது எளிது, ஆனால் போதாது. பழைய நாயகன் என்ன ஆனான் என்று பார்க்க வேண்டும். அவன் பழைய வில்லனின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால், நாற்காலிகள் மாறினவே தவிரக் கதை மாறவில்லை.

இந்த அளவுகோலை வைத்தால் பல நூல்கள் தேறாது. கிறிஸ்டினா ஹென்றியின் 'லாஸ்ட் பாய்' (2017) கப்டன் ஹூக்கின் முற்கதை. பீட்டர் பானின் முதல் தோழனான ஜேமி என்ற பையன் ஹூக்காக மாறும் கதை அது. விறுவிறுப்பானது, ஆனால் பீட்டர் அதில் இரக்கமற்ற கொலைகாரன். இவ்வளவு தூரம் போகத் தேவையே இருக்கவில்லை. 1904இல் மேடையேறி 1911இல் நூலான 'பீட்டர் பான்' கதையில் ஜே. எம். பாரியே ஹூக்குக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டார். உயர்குடிப் பள்ளியில் படித்த சாடை, நடத்தையில் பிழை வந்துவிடக் கூடாதே என்ற ஓயாத கவலை, முதலையின் வயிற்றுக்குள் கேட்கும் கடிகாரத்துக்கு நடுக்கம் எல்லாம் மூலத்திலேயே உள்ளவை. மரிஸா மெயரின் 'ஹார்ட்லெஸ்' (2016) புத்திசாலித்தனமானது. ஆலிஸ் கதையில் வரும், தலையை வெட்டச் சொல்லும் இதய ராணி அதில் ரொட்டிக்கடை வைக்க ஆசைப்படும் பெண். ஆலிஸ் வருவதற்கு முன்பே கதை முடிந்துவிடுவதால் நாயகியை என்ன செய்வது என்ற சிக்கலே எழவில்லை. ஜான் சீஸ்கா 1989இல் எழுதிய மூன்று பன்றிக்குட்டிகளின் கதை நாவலல்ல, படக்கதை. ஆனாலும் இவ்வகையில் சிறுவருக்கென்றே வந்தவற்றுள் இதற்கு ஈடானது குறைவு. பாட்டிக்குக் கேக் செய்யச் சீனி கேட்கப் போனதாகவும், தடிமன் பிடித்துத் தும்மியதில் வீடு விழுந்ததாகவும் ஓநாய் சொல்கிறது. நம்புவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையின் கையில் விட்டுவிடுகிறார் சீஸ்கா. சொல்பவன் பொய்யும் சொல்லலாம் என்று ஏழு வயதில் கற்றுக்கொள்வது சிறிய பாடமல்ல.

இதற்கு எதிரான வாதம் ஒன்றும் உண்டு. மனநல அறிஞர் புரூனோ பெட்டல்ஹைம் தேவதைக் கதைகளைப் பற்றி 1976இல் வெளியிட்ட நூலில், சிறு பிள்ளைக்கு நல்லவரும் கெட்டவரும் கலப்பில்லாமல் எதிரெதிரே நிற்கும் கதைகள் தேவை என்றார்; அந்தத் தெளிவின்மேல்தான் பின்னால் வரும் குழப்பங்களைக் கட்ட முடியும் என்பது அவர் கருத்து. இதில் உண்மை இருக்கிறது. மூலக் கதையைக் கேட்காத பிள்ளைக்கு மறுகதை விளங்காது. தலைகீழாக்க முதலில் நேராக ஒன்று இருக்க வேண்டும்.

ஆயினும் பழைய கதைகள் எல்லாமே அவர் சொன்ன தெளிவோடு இருக்கவில்லை. கடல்தொழில் நடக்கும் கிண்ணியா, குறிஞ்சாக்கேணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் பிடிபடக்கூடிய ஆயிரத்தொரு இரவுகள் கதையை எடுத்துக்கொள்ளலாம். மீனவரின் வலையில் செம்புக் குடுவை ஒன்று சிக்குகிறது. சுலைமான் நபியின் முத்திரை இட்ட குடுவை அது. திறந்தால் வெளியே வரும் ஜின், விடுவித்தவரையே கொல்லப் போவதாகச் சொல்கிறது. ஏன் என்று மீனவர் கேட்க, ஜின் தன் தரப்பைச் சொல்கிறது: முதல் நூறு ஆண்டில் விடுவிப்பவனைச் செல்வந்தனாக்க நினைத்தது; அடுத்து, பூமியின் புதையல்களைத் திறந்து காட்ட நினைத்தது; பிறகு, கேட்ட வரங்களைக் கொடுக்க நினைத்தது; யாரும் வராமற்போகவே, இனி வருபவனைக் கொல்வதென்று சபதம் செய்துகொண்டது. காத்திருந்து காத்திருந்து நன்றி வன்மமாகப் புளித்துப்போன வரலாறு சில வரிகளில் வந்துவிடுகிறது. மீனவரோ கெட்டவராகவில்லை. இவ்வளவு பெரிய உருவம் இந்தச் சிறிய குடுவைக்குள் எப்படி இருந்தது என்று கேட்டு, அதை மறுபடி உள்ளே போகவைத்து மூடிவிடுகிறார். மக்வயர் ஒரு நாவலில் செய்ததை இக்கதை ஒரு பக்கத்தில் செய்திருக்கிறது.

தெற்காசியாவில் இந்த மரபுக்கு மிகப் பெரிய களம் இராமாயணம். பிள்ளைகளின் படக்கதையில் இராவணன் பத்துத் தலையும் முறுக்கிய மீசையுமாக நிற்கிறான். ஓஸின் சூனியக்காரிக்கு இந்த ஊரில் இணை அவன்தான். அந்த உருவத்தை முதலில் கேள்விக்குள்ளாக்கியவர்கள் சமணர்கள். விமலசூரியின் பிராகிருத நூலான பௌமசரியத்தில் இராவணனுக்கு ஒரே தலைதான். கழுத்து மாலையின் மணிகளில் அவன் முகம் ஒன்பதாகத் தெரிந்ததால் பத்து முகத்தான் என்று பெயர் வந்தது. இராட்சதர் மனிதரைத் தின்றார்கள் என்பதையும் அந்நூல் மறுக்கிறது. பாரதக் கதையில் இதே வேலையைப் பாசனின் ஊருபங்கம் செய்கிறது. தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனே அந்த வடமொழி நாடகத்தின் நாயகன். வால்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரில் அவளைத் தீண்டாமல் பன்னசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுத்துப் போகிறான். குற்றம் அப்படியே இருக்கிறது, குற்றவாளி வேறொருவனாகிவிட்டான். வங்காளத்தில் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861இல் ஒன்பது சருக்கங்களில் மேகநாதனின் வீழ்ச்சியைப் பாடியபோது அவர் பரிவு முழுவதும் இலங்கைப் பக்கமே இருந்தது.

தமிழில் முழுத் தலைகீழ் ஆக்கம் புலவர் குழந்தையின் இராவண காவியம். 1946இல் வெளிவந்தது, ஐந்து காண்டம், 57 படலம், 3100 பாடல். இராவணன் அதில் தமிழ் மன்னன். வந்தேறிய பகைக்கு எதிராக நாடு காத்தவன். 1948இல் சென்னை மாகாண அரசு நூலைத் தடைசெய்தது, 1971இல்தான் தடை நீங்கியது. யாப்பிலும் சொல்வளத்திலும் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்க் காப்பியங்களுள் முன்வரிசையில் வைக்கத் தக்கது. திராவிட இயக்கத்தின் தேவையிலிருந்து பிறந்த அதன் கோபத்துக்கு வரலாற்று நியாயமும் உண்டு. ஆனால் மேலே சொன்ன அளவுகோலை இங்கே மட்டும் மடித்து வைக்க முடியாது. இராவணனுக்குக் கிடைத்த உள்மனம் இராமனுக்குக் கிடைக்கவில்லை. பழைய படக்கதையில் இராவணன் எவ்வளவு தட்டையோ, இந்தக் காவியத்தில் இராமன் அவ்வளவு தட்டை.

ஆனந்த் நீலகண்டன் ஆங்கிலத்தில் எழுதி 2012இல் வெளிவந்து, தமிழிலும் வந்துவிட்ட 'அசுரன்' வேறு வழியில் போகிறது. இராவணனோடு பத்ரன் என்ற சாதாரண அசுரனும் கதை சொல்கிறான். அரசனுக்காக எல்லாவற்றையும் இழந்த குடிமகன் அவன். அரசன் அவனை ஒருபோதும் சரியாகப் பார்த்ததில்லை. சீதை இராவணனின் மகள் என்ற பழைய சமணக் கதைவழியையும் நீலகண்டன் எடுத்துக்கொள்கிறார். நடை பல இடங்களில் தளர்கிறது, நீளமும் அதிகம். ஆயினும் பத்ரனால் நூல் தப்பிக்கிறது. தோற்றவர் தரப்புக்குள்ளேயே மேல் கீழ் உண்டு என்பதைப் பெரும்பாலான மறுகதைகள் மறந்துவிடுகின்றன.

கிழக்கிலங்கையின் பங்கு நாவலில் அல்ல, அரங்கில். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்கு ஏற்றியபோது வந்தவற்றுள் ஒன்று 'இராவணேசன்'. எழுதியவர் சி. மௌனகுரு. வடமோடி ஆட்டத்தையும் பாட்டையும் வைத்து, இரவு முழுவதும் நீளும் கூத்தைச் சுருக்கி, தம்பியையும் மகனையும் இழந்துகொண்டே போகும் இராவணனின் மனப்போராட்டத்தை நடுவில் வைத்தார்கள். இராமனைத் தூற்றவில்லை, இராவணனுக்கு விடுதலைத் தீர்ப்பும் எழுதவில்லை. தன் செருக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்தே நடப்பவன் அவன். அதனால்தான் அந்த நாடகம் ஒரு காலத்தோடு முடிந்துவிடவில்லை; மௌனகுரு 2000க்குப் பிறகு மட்டக்களப்பில் அதைத் திருத்தி மீண்டும் மேடையேற்றினார்.

திருகோணமலையிலோ இராவணன் நிலத்திலேயே இருக்கிறான். சுவாமிமலைப் பாறைப் பிளவுக்கு இராவணன் வெட்டு என்று பெயர். சம்பந்தரின் பதிகங்களில் எட்டாம் பாடல் பெரும்பாலும் அவனுக்கென்றே ஒதுக்கப்பட்டது: மலையைப் பெயர்த்துச் செருக்கழிந்து பின் அருள்பெற்ற கதை. கோணமலைப் பதிகத்திலும் அது உண்டு. சைவ வீட்டுப் பிள்ளை ஒரே ஆளைப் பாடப் புத்தகத்தில் அரக்கனாகவும் தேவாரத்தில் அடியவனாகவும் சந்திக்கிறது. அண்மைக் காலத்தில் சிங்களவரிடையேயும் இராவணனைப் பெருமைக்குரிய முன்னோனாகக் கொண்டாடும் போக்கு வலுத்திருக்கிறது. 2019இல் விண்ணுக்குப் போன இலங்கையின் முதல் செயற்கைக்கோளுக்கு 'இராவணா 1' என்று பெயர். வில்லன் தேசிய நாயகனாவதில் இலக்கியத்துக்கு மகிழ ஒன்றுமில்லை. சிலையாகிவிட்டவனுக்கும் உள்மனம் கிடையாது.

கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு வழங்கும் கதைகள் சிறுவர் நாவலுக்குக் காத்துக் கிடக்கும் கரு. இறந்த தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் வாளால் ஏழு இடத்தில் குத்தினான், வெந்நீர் பீறிட்டது என்பது ஒன்று. அவன் இலிங்கத்தோடு வருவதைத் தடுக்கத் திருமால் முதிய அந்தணராக வந்து, தாய் இறந்துவிட்டாள் என்று சொல்லி, கிரியைக்கு நீரும் வருவித்துக் கொடுத்தார் என்பது இன்னொன்று. முதற்கதையில் ஒரு மகனின் துயரம் மட்டுமே உண்டு. எழுதுவதற்கு எளிது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். இரண்டாவதில் ஏமாற்றுபவர் தெய்வம், ஏமாறுபவன் அரக்கன். ஏமாற்றியவரையும் கொச்சைப்படுத்தாமல், அவருக்கும் ஒரு காரணத்தைக் கொடுத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாசிக்கும்படி அதை எழுதுவது கடினம். இக்கருத்தரங்கின் கட்டுரைகள் கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது கதையைத்தான்.