தொலைபேசி ஊமையாகும் வேளையில்



தோட்டத்தில் கைத்தொலைபேசி இல்லாத காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஆபத்து, அவசரம் என்றால் ஆபீசுக்குத்தான் ஓடவேண்டும். கிராணி மனம் வைத்தால் தொலைபேசி கிடைக்கும். இன்று அந்தக் கவலை இல்லை. லயத்தில் வீட்டுக்கு இரண்டு, மூன்று கைத்தொலைபேசிகள் இருக்கின்றன. ஆனால், அந்தக் கைத்தொலைபேசி எதை நம்பி இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? எங்கோ குன்றின்மேல் நிற்கும் ஒரு கோபுரத்தை நம்பி இருக்கிறது. அந்தக் கோபுரமோ மின்சாரத்தை நம்பி இருக்கிறது. மின்சாரம் நின்றால் மின்கலம் கொஞ்ச நேரம் தாங்கும். அதுவும் தீர்ந்தால் கோபுரம் வெறும் இரும்புதான்.

2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது இதை நாடே கண்டது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். கோல கிராய் வட்டாரத்தில் மின்சாரம் நின்றது, தொலைபேசியும் நின்றது. தாய் எங்கே, பிள்ளை எங்கே என்று தெரியாமல் தலைநகரில் இருந்த உறவினர்கள் தவித்தார்கள்.

இத்தகைய வேளையில் கைகொடுக்கக்கூடிய ஒரு சாதனத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். அதன் பெயர் அமெச்சூர் வானொலி. 'ஹாம் ரேடியோ' என்றும் சொல்வார்கள்.

நீங்கள் கேட்கும் இந்த வானொலியில் நாங்கள் பேசுகிறோம், நீங்கள் கேட்கிறீர்கள். உங்களால் பதில் சொல்ல முடியாது. அமெச்சூர் வானொலியில் இரு தரப்பும் பேசலாம். அரசாங்கத்தின் அனுமதி பெற்றவர் தம் வீட்டிலேயே ஒரு சிறு நிலையம் வைத்துக்கொண்டு, அதேபோல் நிலையம் வைத்திருக்கும் இன்னொருவரோடு பேசுகிறார். பக்கத்து ஊர்க்காரரோடும் பேசுவார், கடல் கடந்த நாட்டில் இருப்பவரோடும் பேசுவார். இதற்குக் கூலி கிடையாது. கூலி வாங்கவும் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. தீபகற்ப மலேசியாவில் இருப்பவர் என்றால் அது 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும். சிங்கப்பூர்க்காரருக்கு 9வி1 என்று தொடங்கும். ஆசிரியர், மின்பணியாளர், லாரி ஓட்டுநர் என்று எந்தத் தொழிலில் இருப்பவரும் தேர்வு எழுதித் தேறி இந்த அனுமதியைப் பெறலாம்.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்தமான் தீவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறோம்.

அந்தமான், நிக்கோபார் தீவுகள் வங்காள விரிகுடாவில் இருக்கின்றன. அவற்றின் தலைநகர் அப்போது போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்டது. அங்கிருந்து சென்னை ஏறக்குறைய 1360 கிலோமீட்டர். அந்தத் தீவுகளில் அமெச்சூர் வானொலிக்குப் பல ஆண்டுகளாக அனுமதி இல்லாமல் இருந்தது. பாரதி பிரசாத் என்ற பெண்மணி விடாமல் முயன்று அனுமதி பெற்று, 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு சிறு குழுவோடு போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தார். எதற்காகப் போனார் தெரியுமா? யாரும் பேசக் கிடைக்காத அந்தத் தீவிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம் நண்பர்களோடு பேச வேண்டும் என்ற ஆசைக்காகத்தான். தங்கியிருந்த விடுதியில் வானலைக் கம்பி கட்டினார்கள். இரவும் பகலும் ஆயிரக்கணக்கான நிலையங்களோடு பேசினார்கள்.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அங்கே காலை மணி ஆறரை இருக்கும். சுமத்திராவின் மேற்குக் கடலடியில் ஏற்பட்ட பெரும் பூகம்பத்தால் போர்ட் பிளேர் ஆடியது. பின்னாலேயே ஆழிப்பேரலை வந்தது. அதே அலைதான் அன்று நம் பினாங்கு, கெடா கரைகளிலும் ஏறி, நம் நாட்டில் 68 உயிர்களைக் கொண்டுபோனது. அந்தமானில் மின்சாரமும் தொலைபேசியும் போயின. தீவுகளில் என்ன நடந்தது என்று வெளியுலகுக்குத் தெரியவில்லை. பாரதி பிரசாத் தம் நிலையத்தை மறுபடி இயக்கினார். பொழுதுபோக்குப் பேச்சு அந்த நிமிடமே நின்றது. இந்தியப் பெருநிலத்தில் இருந்த ஹாம் நண்பர்கள் அவர் குரலைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னார் பிழைத்திருக்கிறார், இன்னாருக்கு இன்ன உதவி வேண்டும் என்று செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வீட்டார் அனுப்பிய விசாரிப்புகள் திரும்பி வந்தன. பிறகு, மிகவும் அடிபட்ட கார் நிக்கோபார் தீவிலும் ஒரு நிலையம் வைத்தார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு தீவின் பெயரையும் சொல்லவேண்டும். நிக்கோபார் கூட்டத்தில் கச்சால் என்று ஒரு தீவு. அங்கே ரப்பர்த் தோட்டம் இருந்தது. இலங்கையின் மலைநாட்டிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை அந்தத் தோட்டத்தில்தான் குடியமர்த்தினார்கள். நம்மைப்போலவே விடியற்காலையில் எழுந்து பால்மரம் வெட்டியவர்கள். அலை அந்தத் தீவையும் விட்டுவைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் அங்கே மாண்டார்கள், காணாமற் போனார்கள். வெளியுலகத் தொடர்பு அற்றுப்போன ஒரு தோட்டம் எப்படித் தவிக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பாரதி பிரசாத் அங்கே இருந்தது அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை என்பது எங்கள் கருத்து. அவர் அந்த நாளில் அங்கே இருந்தது தற்செயல். ஆனால் கம்பி கட்டத் தெரிந்ததும், இரைச்சலுக்கு நடுவே மங்கலான ஒரு குரலைப் பிரித்தறியும் காது இருந்ததும், எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எட்டும் என்று தெரிந்ததும் தற்செயல் அல்ல. அவை பல ஆண்டுப் பழக்கம்.

கோபுரம் இல்லாமல் இந்தக் குரல் எப்படி அவ்வளவு தூரம் போகிறது? பூமிக்கு மேலே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்று மண்டலம் ஒன்று இருக்கிறது. சிற்றலைகள் அதில் பட்டு, சுவரில் அடித்த பந்து போலத் திரும்பி வரும். ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இருபது மீட்டர் நீளக் கம்பி போதும். இரண்டு மரங்களுக்கு இடையில், துணி காயப்போடுவதுபோலக் கட்டிவிடலாம். கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை நேரே மேலே போய், சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். நடுவில் மலை இருந்தாலும் கவலை இல்லை. மின்சாரத்துக்கு ஒரு காரின் 12 வோல்ட் பேட்டரி போதும். கையில் பிடித்துப் பேசும் சிறிய கருவியின் கதை வேறு. அதன் அலை நேர்கோட்டில் போகும். மலை மறைத்தால் நின்றுவிடும். எனவே, குன்றின்மேல் அதை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம் ஒன்று வேண்டும்.

அவசர வேளையில் பேசுவதற்கும் முறை இருக்கிறது. ஒருவர் தலைமை நிலையமாக இருப்பார். அவர் அழைத்தபோதுதான் மற்றவர் பேசுவார். உயிராபத்துச் செய்திக்கு முதலிடம். உறவினர் விசாரிப்பு அதற்குப் பிறகு. செய்தியைத் தாளில் எழுதி, மணி குறித்து, அனுப்புவார்கள். வாங்கியவர் அதை முழுவதும் திருப்பிப் படிப்பார். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வார்கள். 'மாரிமுத்து பத்திரம்' என்று ஒரு செய்தி போனால், நம் லயத்தில் எந்த மாரிமுத்து? தகப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும் எந்தப் பிரிவு என்பதும் கூடவே போகவேண்டும். 'பாலம் உடைந்ததாம்' என்ற 'ஆம்' போட்ட செய்தியை நல்ல ஹாம் அனுப்பமாட்டார். பார்த்தது யார், எப்போது பார்த்தார் என்றுதான் முதலில் கேட்பார். இன்னொன்று, இதில் பேசுவது எல்லார் காதிலும் விழும். ஒருவர் இறந்த செய்தி அவர் வீட்டாருக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடக்கூடாது அல்லவா? அதிலும் கவனம் வேண்டும்.

ஆனால், இந்த வானொலி மந்திரம் அல்ல. நகரத்தில் நூறு ஹாம்கள் விழித்திருந்தாலும், வெள்ளம் சூழ்ந்த இடத்தில் ஒருவரும் இல்லையென்றால் அங்கிருந்து செய்தி வராது. கம்பியின் இரண்டு முனையிலும் ஆள் வேண்டும். நகரத்து முனையில் ஆட்கள் இருக்கிறார்கள். சாலையின் கடைசியில், ஆற்றுக்கு அப்பால் இருக்கும் தோட்டத்து முனைதான் காலியாக இருக்கிறது.

நம் நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட அதிகாரி தலைமையில் பேரிடர் நிர்வாகக் குழு இருக்கிறது. அந்தக் குழுவோடு நம் வட்டார ஹாம்களுக்குத் தொடர்பு உண்டா, வெள்ளக் காலத்தில் நம் தோட்டத்துக்கு அருகே யார் நிலையம் வைப்பார் என்று தோட்டத் தலைவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே கேட்டு வைக்கலாம். வெள்ளம் வந்த பிறகு கேட்டால் கேட்கும் நேரமும் இருக்காது, பதில் சொல்ல ஆளும் இருக்காது. தோட்டத்துக்குள் பேசிக்கொள்ள, 477 மெகாஹெர்ட்சில் இயங்கும், அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கைக்கருவிகளுக்குத் தனி அனுமதி தேவையில்லை. அவை ஆபீசுக்கும் லயத்துக்கும் இடையே நன்றாக உதவும். ஆனால், கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு அலைவரிசைக் கருவியை வாங்கி அனுமதியின்றிப் பேசுவது குற்றம். அவசர வேலையில் இருப்பவர்களுக்கு அது இடைஞ்சலும்கூட.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உடைந்த ரேடியோவைக் கழற்றிப் பார்க்கும் பையனோ பெண்ணோ உங்கள் வீட்டில் இருந்தால் ஏசாதீர்கள். 1958ஆம் ஆண்டு தொடங்கிய 'வானலை ஜாம்போரி' என்ற ஒன்றை உலகச் சாரணர்கள் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் நடத்தி வருகிறார்கள். அந்த நாள்களில் பிள்ளைகள் ஹாம் நிலையத்துக்குப் போய், அனுமதி பெற்றவரின் மேற்பார்வையில் வேறு நாட்டுப் பிள்ளைகளோடு பேசலாம். உங்கள் பள்ளிச் சாரணர் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே ஆசை பிடித்த பிள்ளை, பிறகு அமெச்சூர் வானொலித் தேர்வுக்குப் படிக்கலாம். அனுமதி வழங்குவது தகவல் தொடர்பு, பல்லூடக ஆணையம். தேர்வு விவரங்களையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.