பூ வாடலாம், தொழில் வாடலாமா?



தைப்பூசம் நெருங்கினால் நம் ஈப்போ பூக்கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். “போன மாசம் இந்த விலை இல்லையே அக்கா?” என்போம். அக்கா ஏதோ சொல்வார். நாமோ முழுவதும் நம்பாமலேயே பூவை வாங்கிக்கொண்டு போவோம். இன்று அந்த அக்காவின் பக்கம் நின்று கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

லிட்டில் இந்தியாவில் நாம் முழம் போட்டு வாங்கும் மல்லிகை, தமிழ்நாட்டிலிருந்து விமானம் ஏறி வருவது. மார்கழி, தை மாதப் பனியில் அங்கே மல்லிகைச் செடி பூப்பது குறைந்துவிடும். ஆனால் பொங்கல், கல்யாண முகூர்த்தம், தைப்பூசம் எல்லாம் தையில்தானே வருகின்றன! நிலக்கோட்டை, மதுரைச் சந்தைகளிலேயே கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போய்விடும். அதன்மேல் ஐஸ் பெட்டி, விமானக் கட்டணம், இங்குள்ள லாரி வாடகை எல்லாம் ஏறும். இத்தனைக்கும் பிறகு இரண்டு நாளில் விற்காத பூ குப்பைக்குத்தான். துணிக்கடைக்காரர் விற்காத சேலையை அடுத்த தீபாவளிக்கு எடுத்து வைக்கலாம். பூக்கடைக்காரர் எதை எடுத்து வைப்பார்?

செவ்வந்தியும் ரோஜாவும் கேமரன் மலையிலிருந்து வருகின்றன. சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் அது நமக்குப் பக்கம்தான். ஆனால் பக்கத்தில் விளைவதும் பாதுகாப்பு ஆகிவிடவில்லை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கோயில் மூடியது, கல்யாணம் நின்றது. மலையில் பூத்த பூக்களைக் கொட்டி அழித்தார்கள். 2021 தைப்பூசத்திலும் காவடி ஊர்வலம் இல்லை. அந்த நாட்களில் கல்லுமலைக் கோயில் திருவிழாவையே நம்பியிருந்த கடைகள் எப்படித் தாக்குப்பிடித்தன என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்?

பூவாவது காசு கொடுத்தால் வந்துவிடும். அதைக் கட்டும் கைக்கு எங்கே போவது? இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து வளர்ந்தது நம் பேராக் தோட்ட வாழ்க்கை. விடியுமுன் பால்வெட்டப் போன நம் பாட்டிமார், பொழுது சாய்ந்ததும் லயத்து வாசலில் உட்கார்ந்து தோட்டத்து மாரியம்மனுக்குப் பூக்கட்டினார்கள். யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே பெண் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின. சனங்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கும் வந்தபோது, சட்டிபானையோடு அந்தக் கைவேலையும் கூடவே வந்தது. இன்றைய பூக்கடைகளுக்கு அதுதான் முதல்.

ஆனால் அடுத்த தலைமுறையிடம் என்ன சொல்லி வளர்த்தோம்? “படிக்கலேன்னா பூக்கட்டத்தான் போகணும்” என்று பயமுறுத்தினோம். பிறகு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறோம். முடிதிருத்தும் கடை, ஜவுளி, நகைத்தொழில் ஆகியவற்றுக்கு 2009-இல் புதிய வெளிநாட்டுத் தொழிலாளர்களை அரசாங்கம் நிறுத்தியதும் நம்மவர்கள் பட்ட பாடு தெரியும். வெளியாளையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பாடம் வேண்டுமா?

நிகழ்ச்சித் தொகுப்பாளராக நான் மேடையில் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு. பிரமுகருக்குப் போட்ட மாலை அரை நிமிடத்தில் கழற்றப்பட்டு மேசைக்குப் போய்விடும். அந்த மாலையைக் கட்டியவர் அதன்முன் மணிக்கணக்கில் குனிந்திருந்தவர். நாம் பேரம் பேசிக் குறைப்பது பூவின் விலையை அல்ல, அந்தக் குனிந்த முதுகின் கூலியை.

ஆகவே சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் முன்கூட்டியே சொல்லி, முன்பணம் கொடுங்கள். எவ்வளவு பூ தருவிப்பது என்று கடைக்காரருக்குக் கணக்குத் தெரியும், வீணாவது குறையும். ஆலய நிர்வாகங்கள் விடுமுறைக் காலத்தில் பூக்கட்டும் வகுப்பு நடத்தலாம். ஆண் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். தொழிலை விரிவாக்க நினைக்கும் பெண்கள் தெக்குன், அமானா இக்தியார் அலுவலகங்களில் போய் விசாரியுங்கள். 2024-இல் நம் இந்தியப் பெண்களுக்கென்றே அமானா இக்தியார் வழி 5 கோடி வெள்ளி ஒதுக்கி, ‘பெண்’ என்ற கடன் திட்டம் தொடங்கப்பட்டது. கேட்காதவருக்கு எதுவும் வீடு தேடி வராது.

பூ ஒரு நாளில் வாடும், அது அதன் இயற்கை. கட்டும் கை வாடிப்போனால், நாளை அம்மனுக்குப் பிளாஸ்டிக் மாலைதான். அந்த நிலை வர வேண்டாம்.