பாலாற்றுத் தண்ணீரை அளந்து எழுதுவோம்!

(ஆம்பூரில் தோல் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட்டிலும் நோட்டுமாகக் கிணற்றடிக்கு வந்தால், “இந்தப் பொடிசுகள் அளந்து என்ன ஆகப் போகிறது?” என்று சிலர் சிரிக்கிறார்கள். என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஃபிளின்ட் என்று ஒரு மோட்டார்த் தொழிலாளர் நகரம். 2014-ல் அங்கே செலவைக் குறைக்க, குடிதண்ணீரை வேறு ஆற்றுக்கு மாற்றினார்கள். தண்ணீர் நாறுகிறது என்றார்கள் ஜனங்கள். நல்ல தண்ணீர்தான் என்றார்கள் அதிகாரிகள். 2015-ல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர் ஜனங்களோடு சேர்ந்து வீட்டுக்கு வீடு தண்ணீர் பிடித்துச் சோதித்தார்கள். ஈயம் இருந்தது! குழந்தைகளின் ரத்தத்திலும் ஈயம் ஏறியதை ஒரு டாக்டர் காட்டினார். அக்டோபரில் பழைய தண்ணீரையே திருப்பிவிட நேர்ந்தது.

நம் ஊர்க் கதை என்ன? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கோர்ட்டின் முன் இருந்தது வெறும் கண்ணீரா? இல்லை, கணக்கு! தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ ஒரு பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதென்று விவசாயப் பல்கலைக்கழகத்தின் வேலூர் மையம் கணக்கெடுத்திருந்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டதாக ஒரு தொண்டு நிறுவனம் எண்ணிக் கொடுத்திருந்தது. நஷ்ட ஈடு பாக்கியைச் சர்க்கார் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரி 30-ல் மீண்டும் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. இடையில் எத்தனை வருஷம்! கணக்கை விடாமல் வைத்திருப்பவனே இத்தனை காலம் தாக்குப் பிடிக்க முடியும்.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போடுகிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அது தண்ணீரோடு போகிறது. கரைந்த உப்பைக் காட்ட ஒரு சிறு மீட்டர் போதும். குடிதண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. குரோமியத்தை மீட்டர் காட்டாது. அதன் எல்லை 0.05 மில்லிகிராம், அதற்கு லேபரட்டரி வேண்டும். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தரம் அலசிப் பிடியுங்கள். இடமும் தேதியும் எழுதுங்கள். மழைக்கும் கோடைக்கும் கணக்கு மாறும். ஆகவே மாதாமாதம் அதே கிணற்றில் அளக்க வேண்டும்.

“சோதனை வந்தால் வேலை போகுமே” என்று தோல் தொழிலாளி பயப்படுகிறார். நியாயமான பயம். ஆனால் 2015 ஜனவரி 31-ல் இராணிப்பேட்டையில் என்ன நடந்தது? கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவை ஒழுங்காக அடக்காவிட்டால் முதல் பலி தொழிலாளிதான். சுத்திகரிப்பு, தொழில் நடத்துகிறவர் ஏற்க வேண்டிய செலவு. அதைத் தொழிலாளியின் வேலையிலும் விவசாயியின் கிணற்றிலும் கட்டக் கூடாது.

தோழர்களே! மீட்டர் வாங்க சங்கம் காசு கொடுக்கட்டும். விவசாயத் தொழிலாளி கிணற்றைக் காட்டட்டும். பிள்ளைகள் அளக்கட்டும். அந்த நோட்டைக் கிராம சபையில் உரக்கப் படியுங்கள்! நம் தண்ணீரின் கணக்கு நம் கையில் இருக்கட்டும்!