அரசின் சம்பளச் செலவும் நம் இளைஞரும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அரசின் வருவாயெல்லாம் ஊழியர் சம்பளத்திற்கும் ஓய்வூதியத்திற்குமே போய்விடுகிறது" என்னும் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். அரசுப் பணியால் முதன்முதலாகத் தலைநிமிர்ந்த குடும்பங்கள் நிறைந்த இவ்வவையில், அப்பேச்சின் உண்மையை ஆராய்வது நம் கடமையாகும்.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. பழைய ஓய்வூதிய முறையில் ஊழியரிடம் அதற்கெனப் பிடித்தம் கிடையாது. அரசும் தனி நிதி சேர்த்து வைக்கவில்லை. ஓய்வூதியம், அதன் மீதான அகவிலைப்படி, குடும்ப ஓய்வூதியம் ஆகிய அனைத்தும் அந்தந்த ஆண்டின் வரவிலிருந்தே தரப்படுகின்றன. மக்களின் ஆயுள் நீள நீளச் செலவும் வளரும். இதனாலேயே தமிழக அரசு 1-4-2003 முதல் பணியில் சேர்ந்தோருக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் ஊழியர் 10 விழுக்காடு செலுத்த, அரசும் அதே அளவு செலுத்துவது அன்றைய ஏற்பாடு.

எனினும் சுமை உடனே குறைந்துவிடாது. முன்பு சேர்ந்தோருக்கு ஓய்வூதியம், பின்பு சேர்ந்தோருக்குப் பங்களிப்பு என இரண்டையும் அரசு ஒரே காலத்தில் தர வேண்டும். 2003-இல் 25 வயதில் சேர்ந்தவர் 60 வயதில் ஓய்வு பெறுவது 2038-இல் அன்றோ? ஆகவே இச்சிக்கனத்தின் பயன் ஒரு தலைமுறை கழித்தே முழுமையாகத் தெரியும். உடனடிச் சிக்கனம் வேண்டுவோர் நாடும் எளிய வழி வேறு. அது பணியிடங்களைக் காலியாகவே விட்டுவைப்பது.

நிதி நெருக்கடியைக் காட்டி 2001 இறுதியில் தமிழகத்தில் பணி நியமனத் தடை விதிக்கப்பட்டது. அது 2006-இல்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் படித்துக் காத்திருந்தோர் பலர் வயது வரம்பைக் கடந்தனர்.

இளைஞர்களே, இங்குதான் நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு, பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு என்பது நிரப்பப்படும் இடங்களில்தான். நிரப்பாத இடத்தில் 18 விழுக்காடு என்பது சுழியமே. ஒப்பந்தக்காரர் ஆளெடுக்கும்போது இடஒதுக்கீடும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள், தம் மண்டலங்களின் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் இரவும் பகலும் அமர்ந்ததை நாம் அறிவோம். சட்டத்தில் உரிமை அப்படியே இருக்க, கையில் மட்டும் ஒன்றும் இல்லாமற் போவது இவ்வழியால்தான்.

ஓய்வூதியம் அரசு மனமுவந்து தரும் கருணைக்கொடை அன்று என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் நகாரா வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆதலின் அதைப் பெறுவதில் நாணம் வேண்டா.

ஆனால் ஒன்றை மறவாதீர். அந்தப் பணம் யாருடையது? நிலமற்ற கூலித்தாய் வாங்கும் சோப்புக்கட்டியிலும் வரி உண்டு. அவள் நம் அலுவலக வாயிலில் மனுவோடு நிற்கையில், நமக்குச் சம்பளம் தருபவளே நிற்கிறாள் என்று எண்ணுவோம். அவளை நாளை வா என்று அலைக்கழிக்கும் ஊழியன், அரசு ஊழியம் வீண்செலவு என்போர்க்குத் தானே சாட்சி சொல்கிறான்.

வரவு செலவுத் திட்டத்தைப் படிக்கக் கற்போம்; காலியிடங்களை எண்ணிக் கேட்போம்; கிடைத்த பணியைப் பழுதின்றிச் செய்வோம்.