தோணாவின் ஓராண்டு

கல்முனைக் கரையிலே பிறந்தவர்க்குத் தோணா என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஏனையோர்க்காகச் சொல்கிறேன்: கடலுக்கு அணித்தாக, மணல்மேட்டின் பின்னே ஒதுங்கிக் கிடக்கும் சிறு நீரோடையே தோணா. சாய்ந்தமருதில் ஒன்று உண்டு. மேற்கே கரைவாகு வட்டையின் வயல்கள், கிழக்கே கடல், நடுவே நெருங்கிய குடிமனைகள். ஊரிலே பெய்யும் மழை கடலுக்குச் செல்லும் வாசல் இது.

ஆனி, ஆடியில் இதனைக் காண்பவர் வாசல் என்று ஒப்பமாட்டார். நீரோட்டம் நின்றபின் அலைகள் கொணர்ந்த மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். கச்சான் காற்று வீசும் அந்நாட்களிலே நீர் அசையாது கிடக்க, சல்பீனியாவும் ஆற்றுவாழையும் அதன்மேற் பாய் விரிக்கும். ஆற்றுவாழை தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி. அதனை ஒழிக்க இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினார்கள். சட்டத்துக்கு அது அஞ்சியதாகத் தெரியவில்லை! குப்பை கொட்டுவோர்க்கும், கரையை மண்ணிட்டு நிரப்புவோர்க்கும் இதுவே வாய்ப்பான காலம்.

புரட்டாதி, ஐப்பசியில் வடபுலத்து உள்ளான்கள் வந்திறங்கிச் சேற்றைக் கிண்டும். பின்னர் வாடை திரும்பும். கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் முற்றங்களிலே ஏறியதும் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். மனிதர் வெட்டுவது ஒரு சிறு வாய்க்கால்தான். அதனை அகலமாக்கும் வேலையை வெள்ளமே பார்த்துக்கொள்ளும். இரு மருங்கிலும் மணல் பாளம் பாளமாகச் சரிய, கலங்கிய நீர் கடலிற் பாயும். பாய்ச்சல் தணிந்தபின் கடல்நீர் உள்ளே ஏறும். உப்புப் பட்ட நன்னீர்ச் செடிகள் கருகும். மணலைக் குஞ்சுகளும் இறாற் குஞ்சுகளும் புகும். தை மாதத்தில், சுபஹுத் தொழுகை முடித்துக் கடற்கரைப் பக்கம் நடப்போர் அங்கே வீச்சுவலைக்காரரைக் காண்பர். ஆடியிலே மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த இடமும் அதுவேதான்.

2024 நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையை இக்கரையார் மறந்திலர். காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வீதியைக் குறுக்கறுத்த வெள்ளத்தில் உழவு இயந்திரம் ஒன்று கவிழ்ந்து, மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தார்கள். அது வயல்வெளியின் வெள்ளம். தோணாவின் மேற் பழி சொல்வதற்கில்லை. எனினும், தாழ்நிலமெங்கும் நீர் தன் வழியைத் தேடி அலைவதை அன்று எல்லாரும் கண்டார்கள்.

தோணாவை அண்டி வளவு வாங்க வருவோர் பெரும்பாலும் கோடையிலேதான் வந்து பார்க்கிறார்கள். காய்ந்த தரை கண்ணுக்கு இனிது. மார்கழியில் எந்தப் படிவரை நீர் நின்றது என்று அயல்வீட்டாரைக் கேட்டாற் சொல்வார்கள். அவர்கள் வீட்டிலே இல்லாவிட்டாலும், சுவரிலே கோடு இருக்கும்.