பானையில் பொங்குவது யார்?

(தலத்தெருவில் நடைபெற்ற கூட்டத்தில் தோழர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



எனக்கு முன் பேசிய தோழர்கள் பெரிய பெரிய விஷயங்களைப் பற்றியெல்லாம் பேசினார்கள். நான் பேசப் போவதோ ஒரு பானையைப் பற்றி. அதுவும் பீர்ப் பானையைப் பற்றி! உடனே, "இவன் குடிக்கச் சொல்லிக் கொடுக்க வந்துவிட்டான்" என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. குடியால் கெட்ட குடும்பங்களின் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஊரில் உரிமம் இல்லாமல் யாரும் இந்தக் காரியத்தில் இறங்கவும் கூடாது. நான் சொல்ல வந்தது குடியைப் பற்றியல்ல, புத்தியைப் பற்றியே ஆகும்.

என் தகப்பனார் இதே தலத்தெருவில் தென்னை ஏறிப் பாளை சீவிக் கள் இறக்கியவர். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்பது அவருக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. ஒரு கோடையில் அவர் இறக்கிய கள் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் காடியாகப் புளித்துப் போயிற்று. ஒருவர் கண்ணேறு என்றார். இன்னொருவர் தெய்வக் குற்றம் என்றார். என் தகப்பனார் கடன் வாங்கிக் கிடாய் வெட்டினார், பூசாரிக்குத் தட்சிணை கொடுத்தார். கள் புளிப்பதும் நிற்கவில்லை, கடன் வளர்வதும் நிற்கவில்லை. தாம் ஏதோ பாவம் செய்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு அவர் செத்தும் போனார்.

பிறகு நான் பிழைப்புக்காகப் பிரெஞ்சு தேசம் போனேன். 1954 வரை இந்தக் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்ததால், நம்மவர்கள் பலர் அங்கே போய்க் குடியேறியிருப்பது நீங்கள் அறிந்ததே. அந்நாட்டில் சொந்த உபயோகத்திற்கு வீட்டிலேயே பீர் செய்துகொள்ளத் தடையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் துணிந்தேன். அதிலும் லாகர் என்னும் குளிர்ந்த பீர்.

செய்முறையில் ரகசியம் ஒன்றுமில்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, சுமார் 65 டிகிரி சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால், மாவுச் சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, 10 டிகிரிக்குக் குளிரச் செய்து, ஈஸ்ட்டைப் போட்டு மூடிவிட வேண்டும். மூடியில் ஒரு சிறு குழாய். உள்ளே உண்டாகும் கரியமில வாயு அதன் வழியே குமிழி குமிழியாக வெளியேறும்.

தோழர்களே! முதல் நாள் குமிழி வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. அப்பொழுது என் மனதில் என்ன தோன்றிற்று தெரியுமா? "ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கல்லவா ஈஸ்ட் போட்டோம்! அது ராகு காலமாயிற்றே!" என்று தோன்றிற்று. இருபது வருஷமாக மேடையில் ராகு காலத்தைக் கேலி செய்தவன் புத்தியில் இது தோன்றியது! மூடநம்பிக்கை கோவிலில் மாத்திரம் இருப்பதாக எண்ணாதீர்கள். நம் தலைக்குள்ளேயே படுத்துக் கிடக்கிறது. காரியம் தவறினால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் என்னிடம் என் தகப்பனாரிடம் இல்லாத ஒரு சாமான் இருந்தது. ஹைட்ரோமீட்டர் என்னும் கண்ணாடி மிதவை. சாற்றில் சர்க்கரை அதிகமிருந்தால் மேலே மிதக்கும், குறைந்தால் கீழே இறங்கும். முதல் நாள் அது 1.050 காட்டிற்று. மூன்றாம் நாள் மிதக்க விட்டால் 1.044! சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆகவே ஈஸ்ட் வேலை செய்கிறது. அப்படியானால் வாயு எங்கே போயிற்று? மூடியைப் பார்த்தேன். ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை, வாயு பக்கவாட்டில் கசிந்துகொண்டிருந்தது. அழுத்தி மூடினேன், குழாயில் குமிழி வந்தது. ராகு ரப்பர் வளையத்தில்தான் இருந்தான்!

இந்த மடமை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. 15-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பீர் செய்கிறவர்கள் பொங்கி வரும் நுரைக்கு "கடவுள் நல்லவர்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். காரணம் தெரியாத இடத்தில் கடவுளை உட்கார வைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான். நுரையைப் பொங்கச் செய்வது கடவுளல்ல, கண்ணுக்குத் தெரியாத உயிர்களே என்று சோதித்துக் காட்டினவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1876-ல் பீரைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆலையில் ஹான்சன் என்பவர், பீரைக் கெடுக்கும் ஈஸ்ட்டுகளை விலக்கி, நல்ல ஈஸ்ட்டைத் தனியே பிரித்து வளர்த்தார். அந்த ஆலை அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. கேட்டவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன தர்மத்தையும் இதையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. இந்த லாகர் ஈஸ்ட் இரண்டு வேறு இனங்களின் கலப்பிலே பிறந்தது. குளிர் தாங்கும் அந்த இரண்டாவது இனம் தென் அமெரிக்காவின் படகோனியாக் காட்டில் இருப்பதை 2011-ல் வெளியிட்டார்கள். கலப்பு உதவாது என்று ஜாதி பேசுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

சரி, பானைக்கு வருவோம். இரண்டு வாரத்தில் மிதவை 1.010-க்கு இறங்கி அங்கேயே நின்றது. பிறகு இரண்டு நாள் சற்று வெதுவெதுப்பாக வைத்தேன். வெண்ணெய் வாசனை ஒன்று இருந்தால் அதையும் ஈஸ்ட்டே தின்று தீர்த்துவிடும். அப்புறம் ஏறக்குறைய உறைநிலைக் குளிரில் ஐந்து வாரம். கலங்கலாயிருந்த பீரில் ஈஸ்ட் மெள்ள அடியில் மண்டியாகப் படிந்தது. மிச்சக் கலங்கலுக்குக் கொஞ்சம் ஜெலட்டின் கரைத்து விட்டேன். நம் பாட்டிமார் தேற்றாங்கொட்டையைப் பானையில் உரைத்து ஆற்று நீரைத் தெளிய வைக்கிறார்களே, அதே வித்தைதான். மிதக்கும் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து இறங்குகின்றன.

கடைசியாக, கொதிநீரால் சுத்தம் செய்த 19 லிட்டர் எஃகுப் பீப்பாயில், மண்டி கலங்காமலும் காற்றுப் படாமலும் குழாய் வழியே இறக்கினேன். மூடி, சதுர அங்குலத்திற்கு 12 பவுண்டு அழுத்தத்தில் கரியமில வாயுவைச் செலுத்தி, 4 டிகிரியில் பத்து நாள் வைத்தேன். கோலி சோடாவில் வாயு அடைபடுகிறதே, அதே தத்துவம். குளிரில் வாயு அதிகமாகக் கரையும். குழாயைத் திறந்தேன். பொன் நிறமாய்த் தெளிந்து, மேலே வெள்ளை நுரையோடு வந்தது.

முதல் வாய் குடித்தபொழுது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, தோழர்களே! என் தகப்பனார் ஞாபகம்தான் வந்தது. அவர் கலயத்தைக் கொதிநீரால் கழுவியதில்லை. பழைய மண்டி அப்படியே இருக்கும். அதிலே வளர்ந்த கிருமி, கோடை வெப்பத்திலும் காற்றிலும் சாராயச் சத்தைக் காடியாக்கிவிட்டது. சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் தலையெடுக்க முடியாது, ஆகவே பதநீர் இனிக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. ஒரு குடம் வெந்நீர் செய்திருக்க வேண்டிய வேலைக்கு அவர் ஒரு கிடாயைக் கொடுத்தார். கடனும் கொடுத்தார். தம் மானத்தையும் கொடுத்தார். அவர் பாவம் ஒன்றும் செய்யவில்லை. அதை அவரிடம் சொல்ல நான் நாற்பது வருஷம் தாமதித்து வந்திருக்கின்றேன்.

ஆகவே, நான் கேட்டுக்கொள்வதெல்லாம் இதுதான். உங்கள் வீட்டில் மாவு புளிக்காவிட்டாலும், மாடு கறக்காவிட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், பூசாரி வீட்டுக்கு ஓடுவதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். அளந்து பாருங்கள். தெரிந்தவனைக் கேளுங்கள். தெரிந்துகொண்டதை அடுத்தவனுக்கும் சொல்லுங்கள். இதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.