கவிழாத படகு

வானொலி அலையால் இயங்கும் சிறு படகு ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால், அது எவ்வளவு வேகமாகச் செல்லும் என்பதே அவர்கள் கேட்கும் முதற் கேள்வி. கவிழாமல் செல்லுமா என்னும் கேள்வி, படகு ஒருமுறை தலைகீழாகி, மோட்டாரும் பாட்டரியும் நனைந்த பிறகே எழுகிறது. அந்த இரண்டாவது கேள்வியையே இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

பிழைப்பின் பொருட்டு டெல்லியிலும் நாகபுரியிலும் போபாலிலும் குடியேறிவிட்ட நமக்கும் படகுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். கடற்காற்றே வீசாத ஊர்களிலும் தேசிய மாணவர் படையின் கடற்பிரிவு உண்டு. கப்பல் மாதிரி அமைத்தல் அப்பிரிவின் பயிற்சிகளுள் ஒன்று. ஆகவே நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இப்போது இந்த வேலையில் ஈடுபட்டிருக்கவே செய்வர்.

கம்பியில்லாமல் படகை ஓட்டும் வித்தை புதியதன்று. 1898-ஆம் ஆண்டு நிக்கோலா டெஸ்லா என்பவர் நியூயார்க் நகரில் நடந்த மின்சாரப் பொருட்காட்சியில், ஒரு தொட்டி நீரில் இத்தகைய படகை ஓட்டிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பரில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். கட்டளை அலையாகச் சென்ற அதிசயத்தை உலகம் இன்றும் பேசுகிறது. படகு நிமிர்ந்து நின்றதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நிமிர்ந்து நிற்கும் வரையில் அது பேசத்தக்க செய்தியாகத் தோன்றுவதில்லை போலும்.

படகின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் குவிந்து கீழ்நோக்கி அழுத்துவதாகக் கொள்ளலாம். அது எடை மையம். நீர் படகை மேல்நோக்கித் தாங்கும் புள்ளி மிதப்பு மையம். படகு ஒரு பக்கம் சாயும்போது எடை மையம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மிதப்பு மையமோ சாய்ந்த பக்கத்திற்கு நகர்கிறது. நகர்ந்த அப்புள்ளியிலிருந்து நேர் மேலாக ஒரு கோடு இழுத்தால், அது படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்த வெட்டுப்புள்ளிக்குப் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே 1746-இல் வெளியிட்ட நூலில் மெட்டாசென்டர் எனப் பெயரிட்டார். மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட நாம் இச்சொல்லுக்கு ‘மேல்மையம்’ என்று எழுதிப் பார்த்தோம். நாம் சாய்வு மையம் என்றே சொல்வோம். படகு சாயும்போதுதானே அதன் பயன் தெரிகிறது! எடை மையம் இந்தச் சாய்வு மையத்திற்குக் கீழே இருந்தால் படகு தானே நிமிரும். மேலே ஏறிவிட்டால் கவிழும். இரண்டுக்கும் இடைப்பட்ட உயரமே படகின் உறுதிக்கு அளவுகோல்.

நம் குடியிருப்பில் ஒரு தமிழ் நண்பரின் மகள் கடற்பிரிவில் பயிற்சி பெறுகிறாள். 50 மீட்டர் நீளமுள்ள ரோந்துக் கப்பலை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, ஒரு மீட்டர் நீளத்தில் ஒட்டுப்பலகையால் அமைத்திருந்தாள். எடை 2,400 கிராம். அதிகாரிகள் பார்வையிட வருவதற்குப் பத்து நாள் இருக்கையில், குளத்தில் முதல் திருப்பத்திலேயே படகு குப்புற விழுந்தது. “மாமா, ஆறு மாத வேலை! கரைக்கு வந்தபோது அடிப்பலகைதான் தெரிந்தது” என்றாள். மோட்டாரை மாற்றலாமா என்பது அவள் தந்தையாரின் யோசனை. மோட்டாரின்மேல் குற்றமில்லை என்பதை அளந்தே காட்டிவிடலாம் என்றோம்.

வீட்டுத் தொட்டியில் நீர் நிரப்பிப் படகை மிதக்கவிட்டோம். பாய்மரக் கம்பிலிருந்து ஒரு நூலில் சிறு குண்டைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் பாகைமானி ஒன்றை ஒட்டினோம். பிறகு 50 கிராம் எடைக்கல்லை நடுக்கோட்டிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி வைத்தோம். படகு 14 பாகை சாய்ந்தது. எடைக்கல்லையும் தூரத்தையும் பெருக்கி, படகின் எடையாலும் சாய்வுக் கோணத்தின் டாஞ்சென்டாலும் வகுத்தால், முன்னே சொன்ன இடைவெளி கிடைக்கும். கிடைத்தது அரை சென்டிமீட்டர்! பள்ளியில் கற்ற திரிகோணமிதி தனக்குப் பயன்பட்டது இதுவே முதல் தடவை என்றாள் அப்பெண்.

காரணமும் உடனே புலனாயிற்று. 600 கிராம் பாட்டரி, எடுத்துவைக்க எளிதாயிருக்குமென்று மேல்தளத்தை ஒட்டிய தட்டில் வைக்கப்பட்டிருந்தது. அதை 4 சென்டிமீட்டர் கீழிறக்கி அடிப்பலகையோடு சேர்த்துக் கட்டச் செய்தோம். மொத்த எடையில் கால் பங்கு 4 சென்டிமீட்டர் இறங்கினால், எடை மையம் ஒரு சென்டிமீட்டர் இறங்கும். மறுபடி அதே எடைக்கல்லை வைத்தபோது சாய்வு 5 பாகைக்கு உட்பட்டது. அரை சென்டிமீட்டராயிருந்த இடைவெளி ஒன்றரை ஆயிற்று. காசு செலவில்லை.

இவ்வகைச் சோதனை கப்பல் உலகிலும் பழையதே. ஸ்வீடன் நாட்டு மன்னருக்காகக் கட்டப்பட்ட வாசா என்னும் போர்க்கப்பலில், 30 மாலுமிகளை மேல்தளத்தில் இப்பக்கமும் அப்பக்கமுமாக ஓடச் செய்து பார்த்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் கவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சிச் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். கப்பலை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்டு 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு ஒன்றரைக் கிலோமீட்டர்கூடச் செல்லுமுன் இளங்காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாயில்கள் வழியே நீர் புகுந்து மூழ்கிற்று. ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். நம் நாட்டில், 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மேல்தளத்தில் ஏறும் ஒவ்வொருவரும் எடை மையத்தை உயர்த்துகிறார். எல்லோரும் ஒரு பக்கம் திரண்டால், அது 50 கிராம் கல்லை ஓரத்தில் வைத்த கதைதான்.

பாட்டரியை இறக்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. படகினுள் புகுந்த நீர், எடையால் செய்யும் தீங்கைவிட அலைவதால் செய்யும் தீங்கு பெரிது. படகு எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே நீரும் ஓடும். 40 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம் பரவிய நீர், இப்படகின் உறுதியில் 2.4 சென்டிமீட்டரைக் குறைத்துவிடும். நாம் அரும்பாடுபட்டுச் சேர்த்ததோ ஒன்றரை! நீளவாக்கில் நடுவே ஒரு தடுப்புப் பலகை வைத்தால் இந்த இழப்பு நாலில் ஒன்றாகிவிடும். நீர் புகுவது பெரும்பாலும் விசிறித் தண்டு செல்லும் குழாய் வழியே; அதில் கிரீஸ் அடைத்து, உள்ளே காலியிடங்களில் தெர்மோகோல் துண்டுகளை நிரப்பினோம். மூழ்கினாலும் மிதந்து கிடக்கும் அல்லவா?

அடுத்தது வேகம். இங்கிலாந்தில் வில்லியம் புரூடு என்னும் பொறியியலாளர் மாதிரிக் கப்பல்களை நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்துக் கண்ட விதி ஒன்று உண்டு. நீளம் 50 மடங்கு குறைந்தால், வேகம் ஐம்பதின் வர்க்கமூலமாகிய ஏறத்தாழ 7 மடங்கே குறையவேண்டும். உண்மைக் கப்பல் 25 நாட் வேகத்தில் சென்றால், மாதிரி விநாடிக்கு 1.8 மீட்டர் செல்லலாம். விரைந்து நடப்பவரின் வேகம். பிள்ளைகளோ இதைப்போல் இருமடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். வேகம் இரட்டித்தால், அதே வளைவில் திரும்பும்போது படகை வெளிப்புறமாகச் சாய்க்கும் விசை நாலு மடங்காகும். திருப்பத்தில் விசையைக் குறைக்கப் பழகுவதே இதற்கு மருந்து.

சுக்கானைப் பொறுத்தவரை, உண்மைக் கப்பலின் அளவை அப்படியே சுருக்குவது அழகாயிருக்கும். ஆனால் குறுகிய குளத்தில் படகு திரும்பாது. ஒன்றரை மடங்கு பெரிதாக்கி, விசிறி பின்தள்ளும் நீர் அதன்மேல் மோதும்படி நேர் பின்னால் வைக்கவேண்டும். 35 பாகைக்கு மேல் திருப்பினால் சுக்கான் தடைக்கட்டையாகிவிடும். பின்னோக்கி ஓட்டும்போது சுக்கானிடம் அதிகம் எதிர்பார்க்கலாகாது. ஒற்றை விசிறிப் படகு விசிறி சுழலும் திசைக்கு எதிராகச் சற்றே சாயும். பாட்டரியை ஒரு விரற்கடை எதிர்ப்பக்கம் தள்ளி அதைச் சரிசெய்யலாம்.

நீரின்மேல் வழுக்கி ஓடும் பந்தயப் படகுகளின் கதை வேறு. அவை தவளைபோல் தத்தித் தத்திச் சென்றால், எடை பின்னுக்கு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். எடை மையத்தைப் பின்விளிம்பிலிருந்து நீளத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தில் வைத்துத் தொடங்கி, சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கவேண்டும். இரட்டை உடற்படகுகள் அகலத்தால் உறுதி பெறுபவை. ஆங்கிலத்தில் அவற்றின் பெயர் நம் கட்டுமரம் என்னும் சொல்லிலிருந்து சென்றது. சொல் சென்றதேயன்றிப் பொருள் மாறிவிட்டது. நம் கட்டுமரத்தில் இரண்டு உடல் ஏது?

இன்றைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. அவ்வலை நீருக்குள் ஊடுருவாது. ஆகவே படகிலுள்ள ஏரியல் நீர்மட்டத்திற்கு மேலே இருக்கட்டும். அலை அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி கருவியை முன்னதாக அமைத்து, கரையில் கட்டுப்பாட்டுப் பெட்டியை அணைத்து ஒருமுறை சோதித்த பின்னரே படகை நீரில் விடுங்கள்.

இவ்வளவு செய்தும் படகு நடுக்குளத்தில் நின்றுவிடக்கூடும். அதை மீட்கப் பிள்ளைகள் நீரில் இறங்குவது எக்காரணத்தாலும் கூடாது. குளத்தின் ஆழமும் சேறும் கரையிலிருந்து தெரிவதில்லை. டென்னிஸ் பந்தில் மெல்லிய தூண்டில் கயிற்றைக் கட்டிப் படகிற்கு அப்பால் எறிந்து, மெல்ல இழுத்தால் படகு கயிற்றில் சிக்கி வரும். அந்தப் பந்தையும் நூறு முழக் கயிற்றையும் பாட்டரியோடு ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.